ஆலய வளாகத்தில் ஒரு செவிலியர்

சிகாகோ



சிகாகோவின் பில்சன் பகுதியில் செக் குடியேறிகள் எழுப்பிய ஆலயங்களில் மெக்சிகோ வம்சாவளியினர் கூடுகிறார்கள்; திருப்பலி ஸ்பானிய மொழியில் நடக்கிறது. இந்நகரின் புறநகரான பார்க் ரிட்ஜில்தான், 1980களின் நடுவில், கிரேஞ்சர் வெஸ்ட்பெர்க் என்ற லூத்தரன் போதகர் ஆலயங்களில் செவிலியரை அமர்த்தும் முறையைத் தொடங்கிவைத்தார். 1998இல் அமெரிக்கச் செவிலியர் சங்கம் அதைத் தனித்துறையாக ஏற்றது. இந்தப் பங்குச் செவிலியர் மருந்து எழுதித் தருவதில்லை. ரத்த அழுத்தம் பார்ப்பார், மருந்துச் சீட்டை விளக்குவார், மருத்துவரிடம் அனுப்புவார். லத்தீன் அமெரிக்க வம்சாவளியினருக்கு இது பொருந்தக் காரணம் அவர்களுடைய பக்திதான் என்கிறார்கள். எனக்கு அது பாதி விடையாகவே படுகிறது.

அமெரிக்காவில் வயதுவந்த வெள்ளையரில் 100க்கு ஏறக்குறைய 7 பேருக்கு நீரிழிவு என்றால், இவர்களில் 12 பேருக்கு. 100க்கு 18 பேர் அளவில் மருத்துவக் காப்பீடும் இல்லை. 2010ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டப்படி, குடியேற்ற ஆவணமற்றவர்கள் அரசின் காப்பீட்டுச் சந்தையில் முழு விலை கொடுத்தும் காப்பீடு வாங்க முடியாது. நீரிழிவும் ரத்தக்கொதிப்பும் ஒருமுறை பார்த்து அனுப்பினால் அடங்குபவை அல்ல. ஆள் திரும்பத் திரும்ப வரவேண்டும். ஆலயத்துக்கு மக்கள் வாராவாரம் வருகிறார்கள். ஆனால் வருகை மட்டும் போதுமா? 2018இல் வெளியான லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வு ஒன்று கறுப்பின ஆண்கள் வழக்கமாகச் செல்லும் முடிதிருத்தகங்களில் நடந்தது. மருந்தாளுநர் கடைக்கே வந்து மருந்து எழுதித் தந்த இடங்களில் ஆறு மாதத்தில் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு சராசரியாக 27 புள்ளி குறைந்தது. முடிதிருத்துபவரின் அறிவுரை மட்டும் கிடைத்த இடங்களில் 9. இரண்டிலும் பழகிய இடம், நம்பும் மனிதர். வேறுபாடு மருந்தில் இருந்தது.

மதத்தையும் மருத்துவத்தையும் கலக்கலாமா என்பார்கள். லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரில் கத்தோலிக்கர் 2010இல் 67 விழுக்காடு, 2022இல் 43. எந்த மதமும் சாராதோர் 30. ஆகவே ஆலயம் ஒரே வாசலாக இருக்கக் கூடாது என்பது சரி. அதற்காக இருக்கும் வாசலை அடைப்பானேன்? இன்னொரு மறுப்பு கனமானது. ஆலயங்களில் குடிவரவுக் கைதுகளைத் தவிர்க்கும் வழிகாட்டலை 2025 ஜனவரியில் அரசு விலக்கிக்கொண்டது. அச்சம் வந்தால் வருகை குறையும். அப்போது செவிலியர் வீடு தேடிப் போகவேண்டியிருக்கும். இந்தச் சேவையைக் காட்டி அரசு கடமையிலிருந்து நழுவும் என்ற ஐயத்துக்கும் இடமுண்டு. அதனால்தான் சொல்கிறேன்: ஆலயத்துக்குச் செவிலியரை அனுப்பும் மருத்துவமனை, அவர் அனுப்பிவைக்கும் நோயாளிக்கு மருத்துவரையும் மாத்திரையையும் உறுதி செய்யவேண்டும். இல்லையேல் எடுத்த அளவு நோட்டில் இருக்கும். நோய் உடம்பில் இருக்கும்.