இடது ஓரத்து ஆட்டக்காரர்

(மூன்றாமாண்டு, இளங்கலை வரலாறு)

இராசபாளையம் என்றால் நாயும் நூற்பாலையும் நினைவுக்கு வரும். திருவில்லிபுத்தூர் என்றால் ஆண்டாள் கோயில் கோபுரமும் பால்கோவாவும் நினைவுக்கு வரும். இவ்விரண்டு ஊர்களையும் சொன்னவுடன் கால்பந்தை நினைப்பவர் எவருமில்லை. ஆயினும் இவ்விரு ஊர்களுக்கும் இடையே உள்ள சுமார் 12 கிலோமீட்டர் சாலையில், கைப்பிடியில் பூட்சைத் தொங்கவிட்டுக் கொண்டு, விடியற்காலைப் பயிற்சிக்காக இரண்டரை ஆண்டுகள் நான் சைக்கிள் மிதித்திருக்கிறேன். எங்கள் கல்லூரி அணியில் எனக்கு ‘லெப்ட் அவுட்’ இடம்.

அந்த இடத்தின் அருமையை எனக்குச் சொல்லித் தந்தவர் என் தாத்தா. எண்பதைக் கடந்தவர். இளமையில் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். ஆலைத் தொழிலாளர் அணியில் வெறுங்காலுடன் இடது ஓரத்தில் ஆடியவர். அவருக்கு ஒரே ஒரு வீரர்தான் தெய்வம். அவர் பெயர் துளசிதாஸ் பலராம்.

பலராம் 1936ஆம் ஆண்டு செகந்தராபாத்தை அடுத்த அம்முகுடாவில் பிறந்தார். பெற்றோர் தமிழர். ஏழைக் குடும்பம். பூட்ஸ் வாங்க வழியின்றி, கழித்துப் போட்ட போலீஸ் பூட்சின் தோலைக் கொண்டு தைத்த பூட்சில் ஆடினார். அவருடைய திறமையைக் கண்டுகொண்ட பயிற்சியாளர் சையத் அப்துல் ரகீம், பயிற்சிக்கு வந்து போக வாடகைச் சைக்கிளுக்குக் காசு கொடுத்தார். அந்த வாடகைச் சைக்கிள் பலராமை மெல்போர்ன் வரை கொண்டு சேர்த்தது! 1956 ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியில் அவரும் ஒருவர். 1960இல் ரோம் நகரில் வலிமை மிக்க அங்கேரியிடம் 1-2 என இந்தியா தோற்றபோது, நம் ஒரே கோலை அடித்தவர் அவரே. 1961இல் அவர் தலைமையில் ஈஸ்ட் பெங்கால் கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது.

தாத்தா ஓயாமல் சொல்லும் கதை ஜகார்த்தா கதை. 1962 ஆசிய விளையாட்டுக்கு இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா அனுமதிக்கவில்லை. அதனை இந்தியப் பிரதிநிதி சோந்தி கண்டித்ததால், ஊரே நம் வீரர்கள் மீது சினம் கொண்டிருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. அடுத்துத் தாய்லாந்தை வென்றோம். சப்பானை 2-0 என்று வென்றோம். அதில் ஒரு கோல் பலராமுடையது. செப்டம்பர் 4ஆம் நாள் இறுதி ஆட்டம். எதிரே மீண்டும் தென்கொரியா. அரங்கம் முழுவதும் நம்மை எதிர்த்துக் கூச்சலிட, பி.கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் கோல் அடித்தனர். 2-1 என்று தங்கம் நமதாயிற்று. அதன் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா தங்கம் வென்றதில்லை.

மறுநாள் படிப்பகத்தில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, வாசல் வரை கூட்டம் நின்று கேட்டதாம். இதைச் சொல்லும்போதெல்லாம் தாத்தாவுக்கு இருமல் வந்துவிடும். கதை அங்கே நின்றுபோகும். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று நானும் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு இறுதியில், கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்கு ஒரு வாரம் முன்பு, பயிற்சியின்போது என் வலது முழங்கால் திரும்பிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் போட்டியில் நன்றாக ஆடினால் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகலாம். அங்கிருந்து மாநில அணி. பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு வேலை. அக்காள் திருமணக் கடன் இருக்கும் வீட்டில் இந்தக் கணக்கு எனக்கு வெறும் கனவாகத் தோன்றவில்லை. முழங்காலுறையை இறுக்கி மாட்டிக்கொண்டு ஆடிவிடலாம் என்றிருந்தேன்.

இரவில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்ததைத் தாத்தா பார்த்துவிட்டார்.

“ஏய்யா, முட்டி ஏன் இப்படி வீங்கிக் கிடக்கு?”

“ஒண்ணுமில்ல தாத்தா. கட்டிக்கிட்டு ஆடிருவேன்.”

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, நின்றுபோன கதையின் மிச்சத்தை அன்றுதான் சொன்னார்.

“சகார்த்தாவுல செயிச்ச மறுவருசமே பலராம் ஆட்டத்த விட்டுட்டான், தெரியுமா? நெஞ்சுல நோவு. 27ஆம் வயசு. எவ்வளவு பெரிய ஆட்டக்காரன்! ஆனாலும் நிறுத்திட்டான். எனக்கும் அப்பத்தான் பஞ்சுத் தூசி நெஞ்ச அடைக்க ஆரம்பிச்சது. நான் யார்ட்டயும் சொல்லல. மூச்ச மறைச்சுக்கிட்டு ரெண்டு வருசம் ஆடினேன். பாரு, இன்னிக்கும் என்னால ஒரு கதைய முழுசாச் சொல்ல முடியல. அவன் நிறுத்தினதால எண்பத்தாறு வயசு வரைக்கும் இருந்தான்.”

பலராம் 2023 பிப்ரவரி 16ஆம் நாள் கல்கத்தாவில் காலமானார். அப்போது நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். பத்திரிகையில் வந்த அந்தச் செய்தியைத் தாத்தா வெட்டித் தலையணைக்கு அடியில் வைத்திருந்ததன் பொருள் எனக்கு அன்று இரவுதான் விளங்கியது.

மறுநாள் உடற்கல்வி இயக்குநரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, என்னைக் கையோடு மருத்துவரிடம் அனுப்பினார். தசைநார் கிழிந்திருந்தது. அதன்மேல் ஆடியிருந்தால் காலே கெட்டிருக்கும் என்றார் மருத்துவர். ஓராண்டு ஆட்டம் கூடாது. என்னுடைய கல்லூரி ஆட்டம் அத்துடன் முடிந்தது.

என் இடத்தில் முதலாமாண்டு மாணவன் ஒருவன் ஆடினான். அவனிடம் பூட்ஸ் இல்லை. என்னுடையதைக் கொடுத்தேன், முனையில் காகிதத்தைத் திணித்துக்கொண்டு ஆடினான். ஆட்டம் சமமாக முடிந்து பெனால்டியில் தோற்றோம். கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அழுகை வந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. இனி எதையும் மறைப்பதாக இல்லை.

பானர்ஜிக்கும், உடன் ஆடிய சுனி கோஸ்வாமிக்கும் கிடைத்த பத்மஸ்ரீ, பலராமுக்குக் கிடைக்கவில்லை. அர்ச்சுனா விருதோடு சரி. ஆயினும் அவர் கால்பந்தை விட்டு ஒதுங்கவில்லை. இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தார். நானும் இப்போது மாலை வேளைகளில் எங்கள் தெருச் சிறுவர்களுக்குப் பந்தை இடது காலால் நிறுத்தக் கற்றுக்கொடுக்கிறேன். தாத்தா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறார். எவனாவது நொண்டினால் என்னை முந்திக்கொண்டு அவர்தான் குரல் கொடுக்கிறார்:

“ஏலே, வந்து உக்காரு. நாளைக்கு ஆடலாம்.”