நம்ம சமையல்கட்டுப் பாட்டி



வர்ற ஞாயிற்றுக்கிழமை நம்ம பாட்டிக்கு 16-ஆம் நாள் காரியம். கோவிலுக்கு வர்ற எல்லாருக்கும் அவங்களைத் தெரியும். எங்கள்ல சின்னவங்க ‘பாட்டி’ன்னு கூப்பிட்டோம், பெரியவங்க ‘அம்மா’ன்னு கூப்பிட்டோம். பெத்த பிள்ளைங்க மூணு பேர், பேரப்பிள்ளைங்க ஏழு பேர். அவங்க கையால அன்னதானம் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைங்களுக்குக் கணக்கே இல்லை.

பாட்டி தோட்டத்துல பொறந்து வளர்ந்தவங்க. விடியுமுன்னே எழுந்து, பிரட்டுக்குப் போய், கித்தா மரம் வெட்டி, பால் எடுத்து, மத்தியானம் லயத்துக்குத் திரும்பி மூணு பிள்ளைங்களை வளர்த்தாங்க. 1960-ல துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சப்ப, மாசம் பத்து வெள்ளி கட்டிச் சேர்ந்த தொழிலாளர்கள்ல அவங்க அப்பாவும் ஒருத்தர். அதனால அன்னதானத்துக்குப் பத்து வெள்ளி கொடுத்துட்டு “கொஞ்சந்தான் பாட்டி”ன்னு யாராவது கூச்சப்பட்டா விடமாட்டாங்க. “பத்து வெள்ளியைச் சேர்த்துச் சேர்த்துத்தான்யா தோட்டமே வாங்கினோம்”னு சொல்லி ரெண்டு கையாலயும் வாங்கிக்குவாங்க.

சமையல்கட்டுல அவங்க கணக்கு எல்லாமே கைக்கணக்கு. ஒரு கிலோ அரிசிக்குப் பத்துப் பேர். கூட்டம் 300-ன்னா முப்பது கிலோ, அதுக்கு மேல ரெண்டு கிலோ “சொல்லாம வர்றவங்களுக்கு”. சாமிக்குப் படைக்கிறதுக்கு முன்னாடி ருசி பார்க்கக்கூடாது, அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். பாட்டி அண்டா மேல குனிஞ்சு ஆவியை மோந்து பார்ப்பாங்க. “இன்னும் அரைக்கை உப்பு”ம்பாங்க. தப்பினதே இல்லை.

ஒரே ஒரு தடவை தப்புச்சு. அதை எழுதத்தான் இவ்வளவு நாள் தயங்கினோம்.

மூணு வருஷத்துக்கு முந்தி, ஒரு ஆடி வெள்ளி. சாம்பார்ல உப்பு கரிச்சுது. வரிசையில வந்து வாங்கினவங்க ஒண்ணும் சொல்லலை, ஆனா பாதிச் சோறு தட்டுலயே கிடந்துச்சு. அந்த வாரமே நாங்க கூடிப் பேசினோம். பாட்டியைக் கூப்பிடாமத்தான் பேசினோம். அடுத்த வெள்ளி, “உங்களுக்கு வயசாயிருச்சும்மா, இனிமே உட்காருங்க, நாங்க பார்த்துக்கிறோம்”னு சொல்லிட்டோம். அவங்க உடம்புக்கு நல்லதுன்னு எங்களுக்கு நாங்களே சொல்லிக்கிட்டோம். உண்மையில எங்க பயமெல்லாம் சமையல்கட்டுக்குக் கெட்ட பேர் வந்துரும்னுதான்.

பாட்டி ஒரு வார்த்தை பேசலை. கரண்டியைக் கழுவிக் கவுத்துட்டு, மண்டபத்துல போய் உட்கார்ந்தாங்க. அன்னிக்கு அன்னதானம் சாப்பிடலை. அடுத்த ரெண்டு வெள்ளியும் சாமி கும்பிட்டுட்டு நேரா வீட்டுக்குப் போயிட்டாங்க.

மூணாவது வெள்ளி, புதுசா தொண்டுக்கு வந்த தம்பி ஒருத்தர் எங்க முன்னாடி வந்து தலையைக் குனிஞ்சு நின்னார். “அண்ணே, அன்னிக்குப் பாட்டி உப்புப் போட்டது தெரியாம நானும் ரெண்டு கை போட்டுட்டேன்.”

எங்களுக்கு மூஞ்சியில அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. அன்னிக்குச் சாயங்காலமே நாலு பேர் பாட்டி வீட்டுக்குப் போனோம். நாங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ள பாட்டி, “எனக்கு அன்னிக்கே தெரியுமேய்யா. அவன் கை போனதைப் பார்த்தேன்”னாங்க.

“அப்புறம் ஏம்மா சொல்லலை?”

“அவன் வந்து ரெண்டே வாரம். எல்லார் முன்னாடியும் சொன்னா அப்புறம் கோவில் பக்கமே வரமாட்டான். நான் கெழவி, எனக்கு என்ன? ஒரு பேச்சு கேட்டா கேட்டுட்டுப் போறேன்.”

சொல்லிட்டு உள்ள போய் எங்களுக்குத் தேத்தண்ணி கலக்கிக்கிட்டு வந்தாங்க. அதைக் குடிக்க எங்களுக்குத் தொண்டை இறங்கலை.

அடுத்த வாரத்துலேர்ந்து சமையல்கட்டுல பாட்டிக்கு ஒரு நாற்காலி. நின்னு கிண்ட முடியாட்டியும் உட்கார்ந்தே எங்களை வேலை வாங்கினாங்க. அந்தத் தம்பியைத்தான் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஆவி பிடிக்கக் கத்துக்கொடுத்தாங்க. முதல்ல அவருக்கு வெறும் சூடுதான் தெரிஞ்சுச்சு. பாட்டி விடலை. ஒரு வருஷத்துல அவரும் மோந்து பார்த்தே உப்புச் சொல்ல ஆரம்பிச்சார்.

பாட்டியோட மகளும் எங்ககூடச் சமைக்கிறவங்கதான். காரியம் முடியற வரைக்கும் கோவிலுக்கு வரக்கூடாதுங்கிறதால வீட்டுல இருக்காங்க. போன வெள்ளி ராத்திரி போன் பண்ணி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க: “உப்பு யார் போட்டது?”

தம்பிதான் போட்டார். சரியா இருந்துச்சு.

காரியம் முடிஞ்சு வர்ற முதல் வெள்ளி அன்னதானம் பாட்டி நினைவா நடக்கும். அவங்க குடும்பம் செய்யுது, நாங்களும் சேர்ந்துக்கிறோம். எல்லாரும் வாங்க. உங்க வீட்டுல முன்னாடி கோவில் வேலை செஞ்சுட்டு இப்ப முடியாம உட்கார்ந்திருக்கிற அம்மா, அப்பா, பாட்டி, தாத்தா இருந்தா அவங்களையும் கூட்டிட்டு வாங்க. அந்த நாற்காலி அங்கேயேதான் இருக்கு. பூண்டு உரிக்கலாம், பருப்புல கல் பார்க்கலாம், எங்களை ரெண்டு அதட்டும் போடலாம்.

பாட்டி அம்மன் காலடியில அமைதியா இருக்கணும். எங்களை மன்னிச்ச மாதிரியே, நாங்களும் பிறரை மன்னிக்கக் கத்துக்கணும்.

ஓம் சக்தி.

அன்புடன்,
சமையல்கட்டுத் தொண்டர்கள்