புனே: முகம் மூடும் நகரம்

புனேவுக்கு வரும் வெளியூர்க்காரரை முதலில் திகைக்க வைப்பவர்கள் ஸ்கூட்டர் பெண்கள்தான். தலை, மூக்கு, வாய் எல்லாவற்றையும் துப்பட்டாவால் இறுகச் சுற்றி, கண்கள் மட்டும் தெரிய, ஃபெர்குசன் கல்லூரிச் சாலையில் பறக்கிறார்கள். காரணம் வெயில், தூசி, புகை. யாரும் உத்தரவு போடவில்லை. கொரோனாவுக்குப் பல ஆண்டுகள் முன்பே வந்துவிட்ட வழக்கம் இது.

உத்தரவு என்றால் மட்டும் இந்த ஊர் முறைத்துக்கொள்ளும். 2019 ஜனவரியில் போலீஸ் ஹெல்மெட் விஷயத்தில் கெடுபிடி காட்டியபோது எதிர்த்து ஊர்வலமே நடந்தது. என் தலை, உடைந்தால் எனக்குத்தானே என்ற வாதம். (மருத்துவமனைச் செலவு வீட்டாரின் தலையில் விழும் என்பது வேறு விஷயம்.) மறு வருடம் முகக்கவசம் கட்டாயமானது, போடாதவருக்கு 500 ரூபாய் அபராதம். இம்முறை பழைய வாதம் எடுபடவில்லை. இருமுகிறவர் பணயம் வைப்பது தன் உடம்பை மட்டுமல்ல, பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவரின் நுரையீரலையும்தான்.

அந்தக் கட்டுப்பாடுகளுக்கு ஆதாரமாக இருந்தது 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம். பம்பாயில் பிளேக் பரவியபோது வெள்ளை அரசு அவசரமாக இயற்றியது. மொத்தம் நான்கே பிரிவுகள். தேவையானதைச் செய்ய அரசுக்கு அதிகாரம். நல்லெண்ணத்துடன் செய்த அதிகாரி மீது வழக்கு கிடையாது. அதன் முழு பலத்தையும் அனுபவித்த ஊர் புனே. பிளேக் கமிட்டித் தலைவர் ராண்ட், வீடு வீடாகச் சிப்பாய்களை அனுப்பினார். பூஜையறை, சமையலறை எதுவும் மிஞ்சவில்லை. நோய் இருப்பதாகச் சந்தேகப்பட்டவர்கள் மருத்துவமனைக்கும், உறவினர்கள் முகாமுக்கும் கொண்டு போகப்பட்டனர். நோயைத் தடுக்கத் தனிமைப்படுத்தல் தேவைதான். ஆனால் மக்கள் கண்ணில் பட்டது பூட்ஸ் கால்கள்.

அந்த ஆண்டு ஜூன் 22. கணேஷ்கிண்டில் கவர்னர் மாளிகையில் விக்டோரியா ராணியின் வைரவிழா. விருந்து முடிந்து திரும்பிய ராண்டைச் சாபேகர் சகோதரர்கள் சுட்டனர். பின்னால் வந்த லெப்டினென்ட் அயர்ஸ்ட்டும் பலியானார். சாபேகர்கள் பழமைவாதிகள், அவர்களது கோபத்தில் ஆசாரமும் கலந்திருந்தது. சிஞ்ச்வடில் அவர்களுக்குச் சிலை இருக்கிறது.

அந்த மாளிகைதான் இன்று பல்கலைக்கழகத்தின் பிரதானக் கட்டடம். ஆலமரங்களைத் தாண்டி உள்ளே போனால் கோபுரம் தெரிகிறது. 2014 முதல் பல்கலைக்கழகத்தின் பெயர் சாவித்ரிபாய் புலே. அதே பிளேக்கில், ராண்ட் சுடப்படுவதற்கு மூன்று மாதம் முன்பு, நோயுற்ற ஒரு சிறுவனைச் சுமந்துகொண்டு தன் மகன் யஷ்வந்தின் சிகிச்சை முகாமுக்குப் போனவர் அவர். தொற்று அவரையும் பிடித்தது. மார்ச் 10 அன்று இறந்தார். அவர் போய் அழைத்திருந்தால் எத்தனை வீடுகள் கதவைத் திறந்திருக்கும் என்று இங்கே நிற்கும்போது தோன்றாமலில்லை.

மகாராஷ்டிரத்தில் முகக்கவசக் கட்டாயம் 2022 ஏப்ரலில் நீங்கியது. அடுத்த மாதமே, யாரையும் கட்டாயப்படுத்தித் தடுப்பூசி போட முடியாது, ஆனால் பொதுநலனுக்காக அளவான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். 1897 சட்டம் மட்டும் அப்படியே நீடிக்கிறது. 2020ல் வந்த திருத்தம், மருத்துவ ஊழியர்களைத் தாக்குவோருக்கு ஏழாண்டு வரை சிறை என்றது. நியாயமானதுதான். வீட்டுக்குள் நுழையும் அதிகாரி எந்த வாசலோடு நிற்க வேண்டும் என்று மட்டும் அதில் இன்னும் ஒரு வரி இல்லை.