ஊசி முதல் காது வரை

ஒரு சின்னப் பெட்டிக்கு ஒன்பதாயிரம் வெள்ளி கொடுக்கலாமா? எங்கள் குடும்பத்தில் இந்த ஆண்டின் பாதி இந்தக் கேள்வியிலேயே கழிந்தது. கார் வாங்கியபோதுகூட நாங்கள் இவ்வளவு பேசவில்லை.

பெட்டியின் பெயர் ஃபோனோ ஸ்டேஜ். இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் உட்காரும். பார்ப்பதற்குப் பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பா அளவுதான். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் இது உள்ளேயே இருந்தது. சிடி வந்த பிறகு பல நிறுவனங்கள் அதை எடுத்துவிட்டன. அதனால் இன்று தட்டு கேட்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தனியாக வாங்க வேண்டியிருக்கிறது. விலை சில நூறு வெள்ளியில் தொடங்கி, ஒரு மைவி காரின் விலையையும் தாண்டிப் போகிறது.

நான் வானொலி அறிவிப்பாளர். ஊடகத்துறையில் பட்டம் வாங்கிக்கொண்டு நான் நிலையத்துக்குள் நுழைந்தபோது பாடல்கள் எல்லாம் கணினிக்குள் போய்விட்டிருந்தன. இசைத்தட்டு எனக்கு வேலையில் வந்த பழக்கம் கிடையாது. அது அப்பாவிடமிருந்து வந்தது.

அப்பா வளர்ந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். நூறு குவார்ட்டர்ஸ் என்று எல்லாரும் சொன்ன அந்த வரிசை வீடுகளை இப்போது இடித்துவிட்டார்கள். வேலை பார்த்தது செந்தூல் ரயில்வே பட்டறையில், முப்பது ஆண்டுகளுக்கு மேல். சம்பளம் வந்த வாரம் ஒரு தட்டு வாங்குவார். பிரிக்பீல்ட்ஸிலும் மஸ்ஜித் இந்தியா பக்கமும் வாங்கிச் சேர்த்த நூற்றெண்பது தட்டுகளோடு இப்போது கிள்ளானில் இருக்கிறார். நான் பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீட்டில். ஞாயிற்றுக்கிழமை கேஎல் சென்ட்ரலில் கொம்யூட்டர் ரயில் ஏறினால் அப்பாவிடம் போய்விடலாம்.

சென்ற தீபாவளிக்குப் பிறகு அவர் தட்டு போடுவதையே நிறுத்திவிட்டார். கேட்டதற்கு, "தட்டெல்லாம் தேஞ்சி போச்சும்மா. பாட்டு கேக்குது, வார்த்தை புரியல" என்றார். இரண்டு ஆண்டு போனஸைச் சேர்த்து வைத்திருந்தேன், பத்தாயிரம் வெள்ளி. நல்ல ஃபோனோ ஸ்டேஜ் ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

கடைக்குப் போகும் முன் இந்தப் பெட்டி என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. இரண்டே வேலைதான்.

முதலாவது, பெருக்குவது. தட்டின் பள்ளத்தில் ஓடும் ஊசி உண்டாக்கும் மின்சாரம் மிக மிகச் சிறியது. எம்எம் என்று சொல்லப்படும் வழக்கமான கார்ட்ரிட்ஜ் தருவது 3 முதல் 5 மில்லிவோல்ட். எம்சி வகை அதிலும் பத்தில் ஒரு பங்குதான் தரும். ஒரு சிடி பிளேயர் தருவதோ 2 வோல்ட். ஆகவே எம்எம் ஊசிக்கு ஏறக்குறைய 100 மடங்கும், எம்சி ஊசிக்கு 1,000 மடங்கும் பெருக்க வேண்டும். அப்படிப் பெருக்கும்போது சுவர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் சேர்ந்து பெருகாமல் இருக்க வேண்டும். விலையில் பெரும்பகுதி இதற்குத்தான் போகிறது.

இரண்டாவது, சமன் செய்வது. கீழ்ச்சுருதி ஒலிகளை அப்படியே தட்டில் வெட்டினால் பள்ளம் அகலமாகிவிடும், ஒரு பக்கத்தில் நாலு பாட்டு அடங்காது. அதனால் வெட்டும்போதே கீழ் ஒலிகளைக் குறைத்துவிடுகிறார்கள். மேல் ஒலிகளைக் கூட்டிவிடுகிறார்கள், தட்டின் உரசல் சத்தத்தை அவை மூடிவிட வேண்டும் என்பதற்காக. 20 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைப்பு, 20,000 ஹெர்ட்ஸில் பத்து மடங்கு உயர்வு. ஃபோனோ ஸ்டேஜ் இதை அப்படியே தலைகீழாக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு கணக்கு வைத்திருந்த காலம் போய், 1954-இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் வகுத்த ஆர்ஐஏஏ கணக்கு பின்னர் உலகம் முழுக்கப் பொதுவானது.

இனி கடை. ஒரு சனிக்கிழமை கணவரையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன். ஒரு கடையில் கேள்வியை நான் கேட்க, தவுக்கே பதிலை என் கணவரிடமே சொல்லிக்கொண்டிருந்தார். என் கணவருக்கு எம்எம்மும் தெரியாது, எம்சியும் தெரியாது. அவர் தலையாட்டிய ஒவ்வொரு முறையும் பெட்டியின் விலை ஆயிரம் வெள்ளி ஏறியது. இருவரும் சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிட்டோம். பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலில் வாரக்கடைசியில் பழைய தட்டு விற்பவர்களிடம் நின்று பேசியதில்தான் உருப்படியான விவரம் கிடைத்தது. "உங்க வீட்டுல என்ன தட்டு இருக்கு, என்ன ஊசி இருக்கு? அதைச் சொல்லுங்க முதல்ல" என்றார் ஒருவர்.

சரியான கேள்வி. அப்பாவிடம் இருப்பதில் பெரும்பகுதி 1960களிலும் 70களிலும் வந்த தமிழ்த் திரைப்படத் தட்டுகள். எச்எம்வி முத்திரையோடு கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில் அச்சானவை. ஏறக்குறைய எல்லாமே மோனோ. பாடல்களை ஸ்டீரியோவில் பதிவு செய்த தொடக்ககாலத் தமிழ்ப் படங்களில் ஒன்று 'பிரியா'. அதுவே 1978-இல்தான் வந்தது.

மோனோ தட்டில் ஊசி இடவலமாக மட்டும் ஆடினால் போதும், பாட்டு முழுவதும் அதில் இருக்கிறது. ஆனால் இன்றைய ஸ்டீரியோ ஊசி மேலும் கீழும் ஆடுவதையும் படித்துச் சொல்லும். மோனோ தட்டில் அந்த மேல்கீழ் ஆட்டம் தூசி, தேய்மானம், பூஞ்சணம் இவை மட்டுமே. ஃபோனோ ஸ்டேஜில் மோனோ சுவிட்ச் இருந்தால், அதைத் தட்டியதும் இரண்டு பக்கமும் ஒன்றாகி அந்தக் குப்பையில் ஒரு பகுதி தானாக நீங்கிவிடும். பழைய தமிழ்ப் பாட்டுத் தட்டு வைத்திருப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது இந்தச் சுவிட்சைத்தான். விலை உயர்ந்த பெட்டிகள் சிலவற்றில்கூட இது கிடையாது.

அடுத்தது, சப்சோனிக் ஃபில்டர். நம் வெயிலில் வளைந்துபோன தட்டு ஓடும்போது ஸ்பீக்கரின் பெரிய கூம்பு காரணமில்லாமல் முன்னும் பின்னும் உதறும். காதுக்குக் கேட்காத அந்த ஆட்டத்தை இது வெட்டிவிடும். மூன்றாவது, ஊசி. எனக்கு எம்சி மீது ஆசை இருந்தது. டெனோன் டிஎல்-103 என்ற ஊசியை 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் என்எச்கே ஒலிபரப்புக்காக உருவாக்கினார்கள், இன்றும் கிடைக்கிறது. வானொலிக்காரிக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் எம்சியில் ஊசிமுனை தேய்ந்தால் பொதுவாகக் கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டும். எம்எம்மில் முனையை மட்டும் உருவிவிட்டுப் புதியதைச் செருகலாம். எழுபத்திரண்டு வயதுக் கைக்கு அதுதான் சரி. எம்எம் போதும் என்றானதும், ஆயிரம் மடங்கு பெருக்கும் பகுதிக்குக் கொடுக்க வேண்டிய பணம் மிச்சம்.

கடைசியில் மூன்று பெட்டிகள் மிஞ்சின. எழுநூறு வெள்ளி, இரண்டாயிரத்து முந்நூறு, ஒன்பதாயிரம். எழுநூறில் மோனோ சுவிட்ச் இல்லை, மற்ற இரண்டிலும் உண்டு. முன்பணம் வாங்கிக்கொண்டு ஒரு வாரத்துக்குக் கொடுத்தார்கள். கிள்ளானுக்குக் கொண்டுபோனேன்.

ஒன்றை மட்டும் கவனமாகச் செய்தேன். மூன்றின் ஒலியளவையும் மீட்டர் வைத்து ஒன்றாக்கினேன். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தாலே போதும், மனம் அதை 'இதுதான் தெளிவு' என்று எடுத்துக்கொள்ளும். ஒலிப்பதிவுக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடங்களில் இதுவும் ஒன்று. எந்தப் பெட்டி ஓடுகிறது என்று அப்பாவிடம் சொல்லவில்லை.

இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' தட்டை வைத்தபோது ஒன்பதாயிரத்தின் அருமை எனக்குத் தெரிந்தது. வயலின்கள் தனித்தனியாக நின்றன, ஒரு வில் நிற்கும் இடத்துக்கும் அடுத்தது தொடங்கும் இடத்துக்கும் நடுவில் அமைதி இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், நல்ல பொருள்தான். அப்பாவோ எழுநூறு வெள்ளிப் பெட்டியில் இரைச்சல் இருப்பதைச் சரியாகச் சொன்னார். மற்ற இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லவில்லை.

பிறகு அவருக்குப் பிடித்த 'திருவிளையாடல்' கதைவசனத் தட்டை எடுத்தேன். 1965-இல் வந்த படம். கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் ஒலிபெருக்கியில் கேட்டு வளர்ந்த தலைமுறை அவருடையது. தருமியாக நாகேஷ் பேச ஆரம்பித்ததும் அப்பாவின் உதடுகள் கூடவே அசைந்தன. "இப்ப வார்த்தை தெளிவா இருக்காப்பா?" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நாகேஷ் என்ன சொல்றார்னு எனக்குத் தெரியும்மா. ஆனா அது காதுல கேட்டு இல்ல. மனப்பாடம்."

தட்டு ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா இருந்திருந்தால் எப்போதோ கண்டுபிடித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுவாரம் கிள்ளானில் ஒரு செவித்திறன் மையத்துக்குப் போனோம். வரைபடத்தை என் முன் வைத்தார்கள். 1,000 ஹெர்ட்ஸ் வரை அப்பாவின் காது வயதுக்கு நன்றாகவே இருந்தது. அதற்கு மேல் கோடு இறங்கி, 4,000 ஹெர்ட்ஸில் 60 டெசிபல் இழப்பு. சத்தமான இடத்தில் பல ஆண்டு வேலை செய்தவர்களுக்கு முதலில் அடிபடுவது அந்தப் பகுதிதானாம். செந்தூல் பட்டறையில் இரும்பு மேல் இரும்பு அடித்த சத்தம் அந்தக் கோட்டில் இருந்தது.

அப்பா சொன்னதன் பொருள் அப்போது புரிந்தது. உயிரெழுத்தின் பலம் கீழ்ச்சுருதியில் இருக்கிறது. ச, ஸ, த, ட போன்றவற்றின் கூர்மை மேலே இருக்கிறது. இழுத்துப் பாடும் ஆவும் ஓவும் அவருக்கு வந்து சேர்கின்றன, மெய் வழியிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் பாட்டு கேட்கிறது, வார்த்தை கேட்கவில்லை. தட்டில் கூட்டி வெட்டிய மேல் ஒலிகளை ஃபோனோ ஸ்டேஜ் ஒருமுறை குறைக்கிறது. அப்பாவின் காது இன்னொரு முறை குறைக்கிறது. ஒன்பதாயிரம் வெள்ளிப் பெட்டி இந்த இரண்டாவது குறைப்பை என்ன செய்ய முடியும்?

வீட்டில் மறுபடியும் விவாதம். "மெஷின் மாட்டிக்கிட்டு நடந்தா கிழவன்னு சொல்வானுங்க" என்றார் அப்பா. "பேத்தி பேசுறதும் அந்த மேல் சத்தத்துலதான் இருக்கு, மாமா" என்றார் என் கணவர். எம்எம், எம்சி தெரியாத மனிதர் சொன்ன அந்த ஒரு வரி வேலை செய்தது.

கணக்கு இப்படி முடிந்தது. இரண்டு காதுக்கும் செவிக்கருவி, ஆறாயிரத்து எண்ணூறு வெள்ளி. மோனோ சுவிட்ச் உள்ள நடுப்பெட்டி, இரண்டாயிரத்து முந்நூறு. மீதியில் புது ஊசிமுனை, தட்டு துடைக்கும் பிரஷ், நல்ல சின்ன கேபிள். எம்எம் ஊசிக்கு நீளமான கேபிள் ஆகாது, கேபிளின் கெபாசிட்டன்ஸ் கூடினால் மேல் ஒலிகளின் அளவு மாறிவிடும்.

செவிக்கருவி வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அது முதன்மையாகப் பேச்சுக்காக அமைக்கப்படுவது. பாட்டின் நீண்ட சுரத்தைக் கூவல் சத்தம் என்று எண்ணி அமுக்கப் பார்க்கும். பாட்டு கேட்பவர் என்று சொன்னால் இசைக்கென்று தனி அமைப்பு ஒன்றை வைத்துத் தருவார்கள். நாங்கள் கேட்டு வாங்கினோம். இழந்தது எல்லாம் திரும்பி வராது என்பதையும் அவர்கள் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். பழகவும் சில வாரம் ஆகும்.

நல்ல ஃபோனோ ஸ்டேஜ் வாங்க வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. உங்களிடம் நல்ல ஸ்டீரியோ தட்டும் எம்சி ஊசியும் பழுதில்லாத காதும் இருந்தால், அந்த விலைக்கு நியாயம் உண்டு. எனக்கே ஐம்பது வயதுக்குள் ஒன்று வாங்கும் எண்ணம் இருக்கிறது. ஆனால் ஊசியில் தொடங்கும் சங்கிலி ஸ்பீக்கரோடு முடிவதில்லை. வீட்டில் யார் கேட்கப்போகிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் விலை பார்க்க வேண்டும். பெரியவர்கள் 'தட்டு தேஞ்சி போச்சு', 'டிவி சரியில்ல', 'இப்ப எல்லாரும் வாய்க்குள்ளயே பேசுறாங்க' என்று சொன்னால் ஒருமுறை பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

செவிக்கருவி வந்த மூன்றாவது வாரம் அப்பா தானாகவே 'கர்ணன்' தட்டை எடுத்து வைத்தார். முதல் பாட்டு பாதியில் ஊசியைத் தூக்கிவிட்டார். பிடிக்கவில்லையோ என்று பயந்தேன்.

"இந்தத் தட்டுல இவ்ளோ கீறலா? யாரு போட்டது?" என்றார்.

தம்பி மெதுவாக எழுந்து அடுப்பங்கரைப் பக்கம் போனான். அப்பா தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டே என்னிடம், "அடுத்த ஞாயிறு கொஞ்சம் சீக்கிரமா வா. நூத்தெம்பதையும் கழுவணும்" என்றார்.