பாலிகா பஜாரும் பர்மா பஜாரும்

தில்லியில் குடியேறிய நம்மவர்களுள் பாலிகா பஜாரை அறியாதார் இரார். கன்னாட் பிளேஸின் உள்வட்டத்துக்கும் வெளிவட்டத்துக்கும் இடையே, பூமிக்கு அடியில் அமைந்த கடைவீதி அது. ‘பாலிகா’ என்றால் நகராட்சி. 1970களின் பிற்பகுதியில் நகராட்சியார் அதைக் கட்டுவதற்கு முன்பு அவ்விடத்தில் ஒரு காப்பி ஹவுஸ் இருந்ததென்றும், நெருக்கடி நிலைக் காலத்தில் அது இடிக்கப்பட்டதென்றும் முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். காப்பி போன இடத்தில் கடை வந்தது என்று என் தகப்பனார் வேடிக்கையாகச் சொல்வார். காப்பியைப் பற்றிய பேச்சு இக்கட்டுரையில் மீண்டும் ஒருமுறை வரும். அது அவ்வளவு வேடிக்கையானதன்று.

என் தகப்பனார் வடக்கு ரயில்வேயில் சரக்குப் பிரிவு எழுத்தர். பஹாட்கஞ்சை அடுத்த பசந்த் லேன் ரயில்வே குடியிருப்பில் எங்கள் வாசம். அங்கிருந்து செம்ஸ்போர்டு சாலை வழியே நடந்தால் அரைமணி நேரத்தில் கன்னாட் பிளேஸ் வந்துவிடும். 2005இல் மெட்ரோ ரயில் அங்கே வந்தது. அதற்கு முன்னும் பின்னும் நாங்கள் நடந்தே போனோம். மாதந்தோறும், சம்பளம் கைக்கு வந்த பின், அந்த நடை தவறாது. படிகளில் இறங்கியதும் வெயிற்காலத்தில் குளிர்காற்று முகத்தில் அடிக்கும். கூடவே புதுத் தோலும் பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு வாசனை. அந்த வாசனை வந்ததும் நான் அப்பாவின் கையை விட்டுவிட்டு ஓடிவிடுவேன்.

நான் தேடி ஓடியது வீடியோ கேம் காஸெட்டுகளை. இன்றைய பிள்ளைகளுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1983ஆம் ஆண்டு ஜூலையில் ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனியார் ‘ஃபேமிலி கம்ப்யூட்டர்’ என்ற பெட்டியை வெளியிட்டார்கள். தொலைக்காட்சியில் இணைத்து, மேலே ஒரு காஸெட்டைச் செருகி விளையாடுவது. அசல் பெட்டி நம் நாட்டு நடுத்தரக் குடும்பங்களை எட்டவேயில்லை. அதைப் போலவே செய்த நகல் பெட்டிகள்தாம் வந்தன. 1996இல், எனக்கு எட்டு வயதானபோது, அப்பா தீபாவளி போனஸில் அப்படியொரு பெட்டி வாங்கித் தந்தார். அதனுடன் ஒரு துப்பாக்கியும் மஞ்சள் நிறக் காஸெட் ஒன்றும் வந்தன. காஸெட்டின் மேல் பத்து லட்சத்துக்குக் குறையாத ஓர் எண் அச்சிட்டிருந்தது, அத்தனை விளையாட்டுகள் உள்ளே இருப்பதாக. எண்ணிப் பார்த்ததில் ஒன்பதுதான் தேறின. மற்றவை அவையே வேறு பெயரில் திரும்பத் திரும்ப வந்தவை. அப்பா சிரித்துவிட்டு, “நம் டிபார்ட்மெண்ட் அறிக்கை மாதிரி இருக்கிறதடா” என்றார்.

அன்றே அவர் ஒரு பழைய பதிவேட்டை எடுத்துக் கோடு போட்டார். வரிசை எண், தேதி, கிடைத்த இடம், சாமான் விவரம், விலை, குறிப்பு என்று ஆறு கட்டங்கள். “வீட்டுக்குள் எந்தச் சாமான் வந்தாலும் ஏட்டில் ஏற வேண்டும். நீ எழுது, நான் சரிபார்க்கிறேன்” என்றார். ஒவ்வொரு வரியையும் சரிபார்த்துச் சிவப்பு மையால் ஒரு டிக் போடுவார். அந்தப் பதிவேடு இப்போதும் என்னிடம் இருக்கிறது. மொத்தம் 43 வரிகள்.

காஸெட் வாங்குவது ஒரு வித்தை. உறையில் உள்ள படத்துக்கும் உள்ளே இருக்கும் விளையாட்டுக்கும் சம்பந்தம் இருந்தே ஆக வேண்டுமென்ற நியதி கிடையாது. ஆகவே கடைக்காரர் மேஜைமேல் வைத்திருக்கும் சிறிய தொலைக்காட்சியில் போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். வராவிட்டால் அவர் காஸெட்டின் வாயில் ஊதுவார்; நாமும் வீட்டில் ஊதுவோம். உண்மையில் ஊதுவது கெடுதல். மூச்சிலுள்ள ஈரம் செப்புப் பற்களைத் துருவேற்றும். பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்ப்பதே சரியான வழி என்று எங்கள் குடியிருப்பில் இருந்த சிக்னல் பிரிவு மெக்கானிக் ஒருவர் கற்றுக் கொடுத்தார்.

ஒரே விளையாட்டு நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதையும் இந்தத் தேடலில்தான் கண்டேன். ‘கான்ட்ரா’ என்ற விளையாட்டு என்னிடம் இரண்டு காஸெட்டுகளில் இருந்தது. ஒன்றில் காட்டு மரங்களின் இலைகள் காற்றில் அசையும். ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னே ஒரு வரைபடம் தோன்றும். மற்றொன்றில் மரங்கள் ஆடாமல் அசையாமல் நிற்கும், வரைபடம் இல்லை. முதலாவது 1988இல் வந்த ஜப்பானியப் பதிப்பு, இரண்டாவது அமெரிக்கப் பதிப்பு என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் விளங்கிற்று. அப்போதோ, எந்த நூலும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. இலை அசைவதைக் கண்ட அன்று நான் கொலம்பஸைப் போல இருந்தேன்.

பாலிகாவில் கிடைக்காதது சென்னையில் கிடைக்கும் என்று ஒரு சொல் எங்களிடையே வழங்கி வந்தது. கோடை விடுமுறையில் ரயில்வே பாஸில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறுவோம். இரண்டு இரவும் ஒரு பகலும் பிரயாணம். தாம்பரத்தில் பாட்டி வீடு. அங்கிருந்து மின்சார வண்டியில் கடற்கரை ஸ்டேஷனுக்குப் போகலாம். அக்காலத்தில் அந்தத் தடத்தில் மீட்டர் கேஜ் வண்டிகளும் ஓடிக்கொண்டிருந்தன, 2004இல்தான் அவை நின்றன. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரே ராஜாஜி சாலை ஓரமாக வரிசையாய்ப் பர்மா பஜார்.

அக்கடைவீதியின் வரலாற்றை நம் போன்றோர் தெரிந்திருப்பது நல்லது. 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடைகண்ணிகள் தேசியமாக்கப்பட்டபின், தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கைப்பையோடு கப்பலேறி வந்தார்கள். அவர்களுள் பலருக்குப் பிழைப்புக்கு வழியாக 1969இல் ஏற்பட்டது அந்த வரிசை. துறைமுகம் அருகே இருந்தபடியால் மாலுமிகள் கொணர்ந்த வெளிநாட்டுச் சாமான்கள் அங்கே குவிந்தன. நான் வாடிக்கையாகப் போன கடைப் பெரியவர் ரங்கூனில் பிறந்தவர். நாங்கள் தில்லியிலிருந்து வருகிறோம் என்று கேட்டதும் அப்பாவுக்கு ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டு, “உங்களுக்கும் ஊர் விட்ட பிழைப்புத்தானா சார்!” என்றார். அப்புறம் இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். காஸெட்டைப் பற்றி அன்றி, அரிசி விலையைப் பற்றி.

1999 கோடையில் அந்தக் கடையில்தான் ஓர் அசல் ஜப்பானியப் பெட்டி கிடைத்தது. ‘சூப்பர் ஃபேமிகாம்’, 1990இல் வெளிவந்தது. யாரோ ஒரு மாலுமி விற்றுவிட்டுப் போனது. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. அப்பா நல்லவேளையாக அடாப்டரின் முதுகைப் படித்துப் பார்த்தார். இல்லாவிடில் முதல் நாளே புகைந்திருக்கும். தில்லி திரும்பியதும் அந்தச் சிக்னல் மெக்கானிக் மின்சாரத்தைக் குறைத்துத் தரும் ஒரு டிரான்ஸ்பார்மரைச் செய்து கொடுத்தார். மின்சாரம் சரியாயிற்று, படம் கறுப்பு வெள்ளையாகவே வந்தது. ஜப்பானில் வண்ணம் அனுப்பும் முறை வேறு, நம் நாட்டு முறை வேறு. எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்கு ஜப்பானிய வண்ணம் புரியவில்லை. அப்படியே விளையாடினேன்.

அடுத்த ஆண்டு, 2000 மே மாதம், அப்பாவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அம்மாவும் நானுமே போனோம். எனக்குப் பன்னிரண்டு வயது. மாமா பையனோடு தனியே கடற்கரை ஸ்டேஷனுக்குப் போக அனுமதி கிடைத்தது. அப்பா காஸெட்டுக்கென்று 200 ரூபாய் தந்திருந்தார். அம்மா இரண்டு கிலோ காப்பிப் பொடி வாங்கிவர 400 ரூபாய் தந்தாள். அப்பாவுக்குப் பீபரியும் பிளாண்டேஷனும் சரிபாதி இருக்க வேண்டும். சிக்கரி கலக்கவே கூடாது. தில்லியில் ஆண்டு முழுவதும் அவர் எதிர்பார்க்கும் ஒரே ஆடம்பரம் அது.

பெரியவர் கடையில் ‘ஸெல்டா’ இருந்தது, 1991இல் வந்த ஜப்பானியக் காஸெட். விலை 350. நான் கெஞ்சினேன். “எனக்கு வந்த விலையே அதுதான் தம்பி” என்றார். திரும்பி வரும் வழியில் தாம்பரத்துக் கடையில் நான் வாங்கியது பாதிக்குப் பாதி சிக்கரி கலந்த பொடி. மிச்சமான 150 ரூபாயை மறுநாள் எடுத்துப் போய்க் கொடுத்தேன். பதிவேட்டில் 31ஆவது வரியில் ‘விலை ரூ. 200’ என்று எழுதினேன்.

அந்த விளையாட்டைப் போல் எதையும் நான் விளையாடியதில்லை. கதை முழுவதும் ஜப்பானிய எழுத்தில் இருந்தது. ஆரம்பத்தில் பெயர் கேட்டது. எந்த எழுத்தென்று அறியாமல் ஏதோ சிலவற்றை அழுத்தினேன், அதுவே என் பெயராயிற்று. கிராமத்து ஜனங்கள் எதையோ சொல்வார்கள். எங்கே போகச் சொல்கிறார்கள் என்பது தெரியாது. ஒவ்வொரு புதரையும் வெட்டி, ஒவ்வொரு சுவரையும் தட்டி வழி கண்டேன். அம்மா தையல் வேலையோடு பின்னால் உட்கார்ந்து பார்ப்பாள். அவள் கல்யாணமாகி 1985இல் தில்லி வந்தபோது ஹிந்தி எழுத்துத் தெரியாது. பஸ்ஸின் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்து, எந்தக் கட்டடம் வந்தால் இறங்க வேண்டுமென்று அடையாளம் வைத்துக்கொண்டே கரோல்பாக் போய்வருவாளாம். ஒருநாள் திரையைப் பார்த்து, “அந்தத் தாத்தா அதே வார்த்தையை இரண்டாம் தரம் சொல்கிறார் பார். அங்கேதான் போகச் சொல்கிறார்” என்றாள். போனேன். வழி திறந்தது.

காப்பியைப் பற்றி அப்பா ஒன்றும் சொல்லவில்லை. காலையிலும் மாலையிலும் அந்தச் சிக்கரிக் கஷாயத்தைக் குடித்தார், டப்பா காலியாகும் வரையில்.

2007இல் அவர் பணியில் இருக்கும்போதே காலமானார். மெட்ரிக்குலேஷனோடு என் படிப்பு நின்றது. கருணை அடிப்படையில் எனக்கு எழுத்தர் வேலை கிடைத்தது. 2011இல் குவார்ட்டர்ஸ் மாறும்போது டிரங்குப் பெட்டியில் பதிவேடு அகப்பட்டது. என் மேஜையில் அன்றாடம் பதிவேடுகளைச் சரிபார்ப்பவனாதலால் கண் தானாகவே டிக்குகளின் மேல் ஓடிற்று. 30 வரை சிவப்பு டிக். 32 முதல் 43 வரை சிவப்பு டிக். 31இல் இல்லை. குறிப்பு என்ற கட்டமும் காலி. தன் கண்ணுக்குப் பொய்யென்று தெரிந்த ஒரு தொகையின் பக்கத்தில் அவர் பேனாவை வைக்கவில்லை. என்னைக் கூப்பிட்டுக் கேட்கவும் இல்லை. அம்மாவிடம் அன்றுதான் சொன்னேன். அவள் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டே, “முதல் டம்ளரிலேயே அவருக்குத் தெரிந்து போயிற்று. பையன் என்னத்தையோ ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறான், விடு என்றார்” என்றாள்.

இப்போது எல்லாம் இணையத்தில் கிடைக்கிறது. ஜப்பானில் உள்ள கடையிலிருந்தே பழைய காஸெட்டை வரவழைக்கலாம். பற்களின் புகைப்படம் முதற்கொண்டு பார்த்து, சுங்கவரி கட்டி, வீட்டு வாசலில் வாங்கிக்கொள்ளலாம். நானும் இரண்டு முறை வாங்கினேன். ஏமாற்றம் எதுவும் இல்லை. சொன்ன பொருள் சொன்னபடி வந்தது. அது நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அரிசி விலை பேச யாரும் முக்காலி போடவில்லை. என் ‘ஸெல்டா’ காஸெட்டின் உள்ளே இருந்த பொத்தான் பாட்டரி தீர்ந்துவிட்டது. அந்தப் புரியாத பெயரும் அதோடு போயிற்று.

சென்ற மாதம் என் மகளைப் பாலிகா பஜாருக்கு அழைத்துச் சென்றேன். நாங்கள் வாங்கிய கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி உறைகள் தொங்குகின்றன. வீட்டுக்கு வந்து 1996ஆம் வருஷத்துப் பெட்டியை எடுத்து, ரப்பரால் தேய்த்து, தட்டைத் தொலைக்காட்சியில் பொருத்தினேன். பெட்டி பிழைத்துக்கொண்டது! ஆனால் வாத்து சுடும் விளையாட்டில் துப்பாக்கி வேலை செய்யவில்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு நொடித்துளி இருண்டு, வாத்து இருக்குமிடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். அந்த வெளிச்சத்தைத் துப்பாக்கி அக்கணமே காண வேண்டும். பழைய குழாய்த் தொலைக்காட்சியில்தான் அது நடக்கும். தட்டைத் திரையில் படம் சற்றுப் பிந்தி வருகிறது. “ஒரு வாத்துகூட விழ மாட்டேன் என்கிறதே அப்பா” என்று குழந்தை முகம் வாடினாள்.

விரைவில் செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத்ராய் மார்க்கெட்டில் ஒரு பழைய குழாய்த் தொலைக்காட்சி அகப்படுமா என்று இருவரும் பார்க்கப் போகிறோம். நம் அன்பர்கள் யார் வீட்டுப் பரணிலாவது பழுதில்லாத ஒன்று கிடந்தால், சங்க அலுவலகத்தில் சொல்லி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். உரிய விலை கொடுத்து எடுத்துக்கொள்ளச் சித்தமாக இருக்கிறேன்.