முன்னால் நிற்கும் பெயர்

வேப்பூர்க் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவனுக்கு உலக விவகாரம் தெரியாமல் போக வழியே இல்லை. சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிற சாலையை விருத்தாசலத்திலிருந்து வருகிற சாலை அங்கேதான் வெட்டுகிறது. நாலு திசைச் செய்தியும் டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடும்.

2019 அக்டோபரில், சீனத் தலைவர் மாமல்லபுரத்துக்கு வந்து போன மறுநாள் நான் அந்தப் பெஞ்சில் இருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர் பத்திரிகையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். ஜின்பிங் அர்ச்சுனன் தபசைப் பார்த்தார். ஜின்பிங் இளநீர் குடித்தார். திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்க புஸ்தகமெல்லாம் எழுதறவரு. முன்னால 'ஜி'ன்னு போட்டிருக்கானே, அது அப்பா இனிஷியலா? கோவிந்தனா, கோபாலனா?"

சிரித்துவிட்டேன். சிரித்தது பிசகு. ஊரிலுள்ள நிருபர்களுக்குத் தோன்றாத கேள்வி அது. நம் வழக்கத்தில் முன்னால் நிற்பது தகப்பன்; பின்னால் வருவதுதான் ஆசாமி. 'மா.சே.துங்' என்று புள்ளி வைத்து அச்சடித்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்குப்படி அவர் வெறும் துங். தாத்தாவும் தகப்பனும் முன்னால் நிற்கிறார்கள்!

"இனிஷியல் இல்லை ஐயா, குடும்பப் பெயர். உச்சரிப்பும் 'ஷி' என்பதுதான் கிட்டத்தட்டச் சரி. தகப்பனார் ஷி சோங்ஷுன், பிள்ளை ஷி ஜின்பிங். ஜின்பிங் என்பது பிள்ளைக்கு வைத்த பெயர். இங்கிலீஷில் எழுதினால் 'பிரெசிடெண்ட் ஷி', 'மிஸ்டர் ஷி' என்றுதான் எழுத வேண்டும். 'மிஸ்டர் ஜின்பிங்' என்றால், வீட்டுக்குள்ளே கூப்பிடுகிற பெயருக்குத் தலைப்பாகை கட்டின மாதிரி."

பெரியவர் யோசித்தார். "அப்போ மாவோவை மட்டும் எல்லாரும் ஒழுங்கா மாவோன்னாங்களே?"

மடக்கிவிட்டார். உண்மைதான். 'சேர்மன் மாவோ' என்றுதான் உலகமே சொல்லிற்று. 'மிஸ்டர் சேதுங்' என்று ஒருவரும் சொல்லவில்லை. 1956 டிசம்பரில் சூ என்-லாய் சென்னைக்கு வந்தபோதும் அவர் சூ தான். இதில் பழைய இங்கிலீஷ் எழுத்துக்கூட்டலுக்கு ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன். குடும்பப் பெயரைத் தனியே நிறுத்தி, மற்ற இரண்டு அசைகளுக்கு நடுவே ஒரு சிறு கோடு போடுவார்கள். இந்த இரண்டும் ஜோடி, அது தனி என்று கண்ணே சொல்லிவிடும். 1979 ஜனவரியிலிருந்து சீன அரசுச் செய்தி நிறுவனம் பின்யின் என்ற புது எழுத்துக்கூட்டலுக்கு மாறிற்று. கோடு போயிற்று. இரண்டு அசைகளும் ஒரே சொல்லாக ஒட்டிக்கொண்டன. இப்போது பார்த்தால் ஜான் ஸ்மித் மாதிரி இரண்டு சொல். முன்னது சொந்தப் பெயர், பின்னது குடும்பம் என்று இங்கிலீஷ் பழகிய கண் நம்பிவிடுகிறது. நமக்கோ இனிஷியல் பழக்கமும் சேர்ந்துகொண்டது.

அந்த 'ஷி'யை இங்கிலீஷில் எழுதுகிற இரண்டு எழுத்துகள் ரோமன் எண்ணில் பதினொன்று. 2014 செப்டம்பரில் அரசுத் தொலைக்காட்சியில் செய்தி வாசித்த ஒரு பெண் 'லெவன் ஜின்பிங்' என்றே வாசித்துவிட்டாள். ஊர் சிரித்தது, வேலை போயிற்று. எனக்கு அவளிடம் பரிதாபம்தான். எட்டாம் ஹென்றியைப் படித்து வந்த பெண், பதினொன்றாம் ஜின்பிங்கை எதற்காகச் சந்தேகப்பட வேண்டும்?

பெரியவரிடம் நான் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு.

என் தகப்பனார் விருத்தாசலத்தில் பீங்கான் சூளைக்குத் தீ போட்டவர். ஊறுகாய் ஜாடி, ஃபியூஸ் கட்டை, அகல்விளக்கு, பொம்மை எல்லாம் அவர் நெருப்பில் வெந்தவை. அவர் முழங்கை வரை ஒட்டியிருந்த வெள்ளை மண்ணுக்குக் கயோலின் என்று பெயர். சீனாவில் ஜிங்தெஜென் என்ற பீங்கான் ஊருக்குப் பக்கத்தில் காவ்லிங் என்று ஒரு குன்று. ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் 1712-ல் எழுதிய கடிதம் வழியாக அந்தப் பெயர் ஐரோப்பாவுக்குப் போய், கயோலின் ஆகித் திரும்பி வந்தது. சீனப் பெயர் வாயில் நசுங்குவது புதிதல்ல. என் தகப்பனாருக்கு அதெல்லாம் தெரியாது. கூலி கொடுத்தவர்கள் அவரை "யோவ் சூளை" என்று கூப்பிடுவார்கள். பெயர் சொன்னால்கூட 'அர்' விகுதி வராது.

எனக்குப் பாஸ்போர்ட் வாங்கும்போது குடும்பப் பெயர் எது என்று கேட்டார்கள். நமக்கேது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்துத் தகப்பனார் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதினேன். விசுவநாதன் ஆனந்துக்கும் நேர்ந்தது இதுதான். தகப்பனார் பெயரான விசுவநாதனை வெள்ளைக்காரர்கள் பிள்ளையின் பெயர் என்று எண்ணி, 'விஷி' என்று செல்லமாகச் சுருக்கிவிட்டார்கள்.

பிறகு வெளிநாட்டில் ஓர் ஆஸ்பத்திரி. கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு நர்ஸ் வந்து 'மிஸ்டர்' போட்டு ஒரு பெயரைக் கூப்பிட்டாள். நான் அசையவில்லை. மறுபடி கூப்பிட்டாள். யாரப்பா அது, எழுந்திருக்க மாட்டேனென்கிறானே என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். மூன்றாம் தடவைதான் உறைத்தது. அது என் தகப்பனார். அவர் போய்ப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது. உயிரோடிருந்த நாளில் ஒரு தடவைகூட யாரும் அவரை மிஸ்டர் என்று கூப்பிட்டதில்லை.

எழுந்து போனேன். "நீங்கள்தானே?" என்றாள். ஆமாம் என்றேன். திருத்த மனம் வரவில்லை.

அவளுக்கு முன்னால் இருந்தது நான் எழுதிக்கொடுத்த படிவம், அதைத்தான் படித்தாள். பத்திரிகை நடத்துகிறவர்களுக்கு அந்தச் சாக்குக் கிடையாது. விருந்தாளி வாசலுக்கு வருமுன் அவர் பெயரை ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

பஸ் வந்துவிட்டது. பெரியவர் பத்திரிகையை மடித்துக்கொண்டே, "அது கிடக்கட்டும் தம்பி, உங்க அப்பா பேரு என்ன?" என்றார்.

படிக்கட்டில் நின்றபடியே சொன்னேன். மிஸ்டர் சேர்த்துத்தான் சொன்னேன்.