முதற் சூடு

எண்ணெய் எரிகிறது என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். பேச்சு வழக்கில் அது பிழையன்று. ஆயினும் உண்மையை நோக்கினால் எண்ணெய் எரிவதில்லை; எரிவது எண்ணெயின் ஆவியே. குத்துவிளக்கின் திரியில் அசையாது நிற்கும் சுடரும், பேக்கரிப் போறணைக்குள் சீறிப் பாயும் தீயும் இந்த ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை. பல ஆண்டுகளாக மாணவருக்கு விஞ்ஞானம் கற்பித்து வருபவன் நான். ஆனால் இந்த விதியை எனக்குக் கற்பித்தது பாடநூல் அன்று. மன்னார்த் தீவில், கிடுகு வேய்ந்த ஒரு குசினியில், ஒன்பதாவது வயதில் அதனைக் கற்றுக்கொண்டேன். கற்றவன் நான், அதற்குரிய விலையைக் கொடுத்தவர் வேறொருவர்.

நெடுங்காலம் எவரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்த அந்தக் கதையை, 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடிதான் வெளியே கொண்டுவந்தது. அந்த ஆண்டை இந்நாட்டில் எவரும் எளிதில் மறந்துவிட மாட்டார்கள். எரிவாயுச் சிலிண்டருக்கு ஒரு வரிசை, பெற்றோலுக்கு ஒரு வரிசை, மண்ணெண்ணெய்க்கு மற்றொரு வரிசை. எங்கள் கரைக்கு அப்பால், மன்னார்க் கடற்படுகையின் அடியில் இயற்கை எரிவாயு இருப்பது 2011ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டிருந்தது. அந்தக் கடலின் கரையிலே வாழும் நாங்கள் வெறுஞ் சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு தெருவில் நின்றோம்.

அந்நாள்களில் ஒருநாள் மாலை, எங்கள் ஊரில் பேக்கரி நடத்தும் ஒருவர் என் வீட்டிற்கு வந்தார். புருவ மயிர் கருகியிருந்தது. முகத்தில் மருந்து பூசியிருந்தார். டீசல் கிடைக்காமற் போகவே, கழித்த எஞ்சின் எண்ணெயால் போறணையைச் சூடேற்ற அவர் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். உயரத்தில் ஓர் எண்ணெய்த் தகரம். அதிலிருந்து இறங்கும் இரும்புக் குழாய், போறணைக்குள் சுருளாக வளைந்து, நுனியில் நுண்ணிய துளையுடன் முடிகிறது. சுருள் நன்றாகக் காய்ந்திருந்தால் அதனுட் செல்லும் எண்ணெய் ஆவியாகித் துளை வழியே வேகத்துடன் வெளிப்பட்டு எரியும். அந்தத் தீயே சுருளை மேலும் காய்ச்சிக்கொண்டிருக்கும். எண்ணம் நல்லதுதான். ஆனால் சுருளைக் காய்ச்சுவதற்கென்று மூட்டிய தேங்காய் மட்டைகள் கனலாகும் முன்னரே அவர் குழாயைத் திறந்துவிட்டார். ஆவியும் துளியுமாக வெளிப்பட்ட எண்ணெய், வெண்புகையாகப் போறணையை நிறைத்தது. சிறிது நேரத்தில் அப்புகை கனலைச் சந்தித்தபோது வெடியோசையுடன் தீ வாயிற்புறம் பாய்ந்தது. நல்லவேளை, கண்கள் தப்பின.

"சேர், பிழை எண்ணெயிலையோ, குழாயிலையோ?" என்று கேட்டார்.

கழித்த எஞ்சின் எண்ணெய் குழாய்க்குள் கரியைப் படிய விட்டு விரைவில் துளையை அடைத்துவிடும் என்றும், அத்தகைய கனத்த எண்ணெய்களை ஆவியாக்க முயலாமல், முதலில் சூடாக்கி இளக்கி, பின்னர் காற்றினாலோ நீராவியினாலோ நுண்துளிகளாகச் சிதறடித்து எரிப்பதே பெரிய உலைகளின் வழக்கம் என்றும் எடுத்துச் சொன்னேன். "ஆனால், இன்றைய பிழை எண்ணெயிலும் இல்லை, குழாயிலும் இல்லை. சுருள் காயுமட்டும் நீங்கள் பொறுக்கவில்லை" என்றேன். அச்சொல்லை என் வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, என் நெஞ்சு முப்பத்தாறு ஆண்டுகளைக் கடந்து பின்னே போயிற்று.

அந்நாளில் எங்கள் வீட்டில் ஒரு பிறைமஸ் அடுப்பு இருந்தது. சுவீடன் நாட்டைச் சேர்ந்த லிண்ட்குவிஸ்ற் என்பவர் 1892ஆம் ஆண்டில் உருவாக்கிய அடுப்பு வகை அது. திரியில்லாமல், புகையில்லாமல், பாத்திரத்தில் கரி பிடிக்காமல் மண்ணெண்ணெயை எரிக்கும் வழியை அது உலகத்துக்குக் காட்டியது. பித்தளைத் தொட்டியில் எண்ணெய். பக்கத்தில் காற்றடிக்கும் பம்ப். உள்ளே அடைக்கப்பட்ட காற்று எண்ணெயை மேலே தள்ள, அது சூடான குழாயை அடைந்து ஆவியாகி, ஊசிமுனை நுழையும் அளவான துளை வழியே சீறி, சுற்றியுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு நீலச் சுவாலையாக எரியும். எரியும்போது அச்சுவாலை தன் குழாயைத் தானே காய்ச்சிக்கொள்ளும். ஆகவே தொடங்கிவிட்டால் பின்னர் வெளியுதவி வேண்டியதில்லை. தொடங்குவதற்குத்தான் உதவி வேண்டும். அதற்காகக் குழாயின் அடியில் ஒரு சிறு கிண்ணம் உண்டு. அதில் ஸ்பிரிற்றை ஊற்றிக் கொளுத்தி, குழாய் காயும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

அவ்வாறு பொறுத்திருப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. மண்ணெண்ணெய் முழுவதும் ஆவியாவதற்கு ஏறத்தாழ 150 முதல் 300 பாகை செல்சியஸ் வரை வெப்பம் ஏறவேண்டும். இவ்வாறு சூடேற்றி ஆவியாக்கச் செலவாகும் வெப்பமோ, அந்த எண்ணெய் எரிந்து தரும் வெப்பத்தில் நூற்றில் இரண்டு பங்கு அளவே. அந்த இரண்டு பங்கு முன்கூட்டியே கிடைக்கவில்லை என்றால் மிகுதித் தொண்ணூற்றெட்டுப் பங்கும் ஒழுங்காக வெளிப்படாது; கட்டுக்கடங்காமல் வெளிப்படவுங் கூடும். மாணவர்களுக்கு இதனைக் கரும்பலகையில் எழுதிக் காட்டும்போதெல்லாம் என் கை ஒரு கணம் தயங்குவது வழக்கம். அதன் காரணத்தை அவர்கள் அறியமாட்டார்கள்.

1986ஆம் ஆண்டு மார்கழி மாதம். திருவெம்பாவைக் காலம். மாரி மழையில் விறகெல்லாம் நனைந்து கிடந்தது. விடியுமுன்னர் தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலில் சங்கு ஊதுவதற்கு அன்று என் முறை. அம்மா இடியப்பத்துக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார். அடுப்பின் கிண்ணத்தில் ஸ்பிரிற்று எரிந்துகொண்டிருந்தது. போத்தலில் மிச்சமிருந்த கொஞ்சத்தை ஊற்றியிருந்தமையால் அது அடிக்கடி நடுங்கி மங்கியது.

"பொறு ராசா, குழாய் இன்னும் காயேல்லை" என்றார் அம்மா, திரும்பிப் பாராமலே.

நான் பொறுக்கவில்லை. கோயிலில் மணி கேட்டது. என் முறையை வேறொரு பையன் பறித்துக்கொள்வான் என்ற பயம். காற்றுத் திருகை இறுக்கிவிட்டு, பம்பைப் பிடித்துப் பத்துப் பதினைந்து முறை அடித்தேன். ஆவியாகாத எண்ணெய் தாரையாக மேலே பாய்ந்தது. எரிந்துகொண்டிருந்த ஸ்பிரிற்று அதைப் பற்றிக்கொண்டது. மஞ்சள் நிறத்தில் ஒரு தீத்தூண் கூரைக் கிடுகை எட்டுமளவுக்கு எழுந்தது. நான் நின்ற இடத்திலேயே விறைத்துப் போனேன்.

அம்மா ஓடி வந்து ஒரு கையால் என்னைப் பின்னே தள்ளினார். மறு கையை அந்தத் தீக்கு ஊடாக நீட்டிக் காற்றுத் திருகைத் திறந்தார். உள்ளே அடைபட்டிருந்த காற்று 'உஸ்' என்று வெளியேற, எண்ணெய் ஏறுவது நின்றது. நனைந்த சாக்கு ஒன்றை எடுத்து மூடினார். எல்லாம் சில கணங்களில் முடிந்துவிட்டது. அவருடைய இடது முன்கை மட்டும் முழங்கைவரை வெந்துபோயிருந்தது.

சத்தங் கேட்டு ஓடிவந்த அப்பாவிடம், "நான்தான் அவசரப்பட்டு முந்திப் பம்ப் பண்ணிப்போட்டன்" என்றார் அம்மா. நான் வாய் திறக்கவில்லை. அம்மா சரியாகக் கவனிக்கவில்லை, தாமே பம்ப் அடித்ததாகத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று என் சிறுபிள்ளை மனம் தனக்கு வசதியான ஒரு விளக்கத்தைத் தேடிக்கொண்டது. வளர்ந்த பின்னர் அந்த விளக்கம் எனக்கே நம்பக்கூடியதாக இல்லை. ஆயினும் கேட்கத் துணிவு வரவில்லை. புண் ஆறியது, தழும்பு நின்றது. அம்மா எனக்குச் சோறு பரிமாறும்போதெல்லாம் அந்தத் தழும்பு என் கண்முன்னே வந்து போயிற்று.

காலம் எங்களை வேறு கவலைகளுக்குள் தள்ளியது. 1990இல் போர் மறுபடியும் மூண்டபோது வடபகுதிக்கு வரும் எரிபொருள் கட்டுப்படுத்தப்பட்டது. யாழ்ப்பாணத்திலே ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிது எண்ணெயும் வைத்து எரித்த விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். பெற்றோலுக்குச் செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைப் பீச்சி முதலில் எஞ்சினை இயக்கிச் சூடாக்குவார்கள். பேசாலையிலும் வங்காலையிலும் தலைமன்னாரிலும் மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரப் படகுகளுக்கும் இதுவே முறை: பெற்றோலில் தொடங்கி, சூடான பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. பாடநூலைத் தொடாத கடற்றொழிலாளியும் முதற் சூட்டின் அருமையை அறிவான்.

பேக்கரிக்காரர் வந்து போன மறுவாரம் எங்கள் வீட்டுச் சிலிண்டரும் தீர்ந்தது. பரணில் இருந்த பழைய பிறைமஸ் அடுப்பை இறக்கினேன். பித்தளை பச்சை பிடித்திருந்தது. பம்பின் தோல் வளையம் உலர்ந்து சுருங்கிப்போயிருந்தது. இந்தத் தோல் சிறு பொருள்தான். ஆனால் 1912இல் தென்துருவத்திலிருந்து மீண்டுவந்த ஸ்கொட் என்னும் ஆங்கிலேயரின் குழு, வழியிலே சேமித்து வைத்த மண்ணெண்ணெய்த் தகரங்கள் குறைந்திருக்கக் கண்டு கலங்கியதற்கு, தகர மூடிகளின் தோல் வளையங்கள் கடுங்குளிரில் இறுக்கம் இழந்ததே காரணம் என்பர். அவருக்கு முன்னரே துருவத்தை அடைந்த ஆமுண்ட்சென் தம் தகரங்களை ஈயப்பற்று வைத்து அடைத்திருந்தார். இதை எண்ணியவாறே, புதுத் தோல் வெட்டிப் போட்டு, அம்மா முன்பு செய்வதுபோல இரண்டு துளி தேங்காயெண்ணெயும் விட்டேன். வரிசையில் நின்று மண்ணெண்ணெய் வாங்கினேன். அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியபோது, அந்த எண்ணெயையே நம்பியிருந்த எங்கள் கடற்றொழிலாளர் பட்ட பாட்டை இங்கே விரித்து எழுத இடமில்லை.

அடுப்பைக் குசினித் தரையில் வைத்தேன். அம்மா பக்கத்தில் பலகையில் அமர்ந்திருந்தார். கிண்ணத்தில் ஸ்பிரிற்றை ஊற்றிக் கொளுத்தினேன். நீலச் சுடர் குழாயைச் சுற்றி ஏறியது. அந்த ஒளியில் அவருடைய இடது கைத் தழும்பு தெரிந்தது. இனியும் சொல்லாமலிருக்க என்னால் இயலவில்லை.

"அம்மா, அண்டைக்குப் பம்ப் அடிச்சது நான்தான்."

அவர் சிரித்தார். "எனக்கு அண்டைக்கே தெரியும். உன்ரை கையிலை மண்ணெண்ணெய் மணந்தது."

"அப்ப ஏன் அப்பாவிட்டை அப்பிடிச் சொன்னியள்?"

"சொன்னா உனக்கு அடி விழும். உனக்கு அடிச்சா என்ரை கை ஆறுமோ?"

முப்பத்தாறு ஆண்டுகள் நான் சுமந்ததை அவர் இரண்டு வசனங்களில் இறக்கி வைத்துவிட்டார். அன்று அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால், அடியை வாங்கிக்கொண்டு அந்தக் கணக்கை அன்றே முடித்திருப்பேன். பிறகு மறந்துமிருப்பேன். அவர் வாய் மூடியிருந்தமையால்தான் அந்தத் தவறு என்னுள்ளே மெல்ல மெல்லக் காய்ந்து, நான் ஆசிரியனான பின்பும் என்னை விடாமல், விளங்காமல் விழிக்கும் பிள்ளைமீது கையோங்கும் வேளைகளில் என் கையைத் தடுத்து நிறுத்தியது. வகுப்பில் விடை சொல்லாத மாணவனைப் பார்த்து 'இவனிடம் ஒன்றுமில்லை' என்று முடிவு கட்ட எனக்கு இப்போதெல்லாம் மனம் வருவதில்லை. குளிர்ந்த எண்ணெயிலும் முழுவெப்பமும் இருக்கத்தான் செய்கிறது.

கண்கள் கலங்கியதை மறைக்கப் பம்பின் பிடியைத் தொட்டேன். அம்மா கையை உயர்த்தினார்.

"பொறு."

ஸ்பிரிற்று எரிந்து அடங்கும் நிலைக்கு வந்தது. குழாயின் பித்தளை மெல்ல நிறம் மாறியது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப அடி" என்றார்.

அடித்தேன். அடுப்பு ஒருமுறை முனகி, பின்னர் ஒரே சீராக இரையத் தொடங்கியது. நீலச் சுவாலையின்மேல் இடியப்பத்துக்கு நீத்துப்பெட்டியை ஏற்றிவிட்டு, அம்மா தம் இடது கையால் மூடியை எடுத்து மூடினார்.